ஒச்சப்பனைக் கண்டால் ஓடும் தீ

காட்டுத்தீயைக்கூட அணைத்துவிடலாம். ஒச்சப்பன் வாயை அணைக்க முடியாது.

மலையடிவாரத்தில் வனத்துறை முகாம். ஒரு தார்ப்பாய், இரண்டு தண்ணீர் டிரம், சமையல்காரன் சீனிச்சாமியின் அடுப்பு. மேலே காடு எரிகிறது. காலையில் போனவர்கள் இன்னும் உச்சியில் நிற்கிறார்கள். அவர்களை மாற்றிவிட மாலை ஆட்கள் கிளம்ப வேண்டும். வனவர் ஜெயராணி ஒவ்வொருவராகப் பார்த்து ஜீப்பில் ஏற்றினாள். கால் புண்ணானவன் மேலே போகக் கூடாது. அது அவள் சட்டம். தீ திரும்பினால் ஓட வேண்டும். நொண்டுகிறவன் தானும் மாட்டுவான், தூக்க வருகிறவனையும் மாட்டிவிடுவான்.

மாலை ஆட்களில் ஒருவனான ஒச்சப்பனின் வலது பாதத்தில் நெல்லிக்காய் பருமனுக்குக் கொப்புளம். பூட்ஸுக்குள் உயிர் போனது. ஆனால் ஜீப்பை விட்டால் சீனிச்சாமியோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். வாயைத் திறந்தான்.

"மேடம், போன பெருந்தீய நான் ஒத்தையாத்தான் அணைச்சேன். கையில ஒரு பச்சக் கொப்பு. ஒரே அடி. நாலு ஏக்கர் தீ படுத்துருச்சு."

"கொப்பு கருகலையாண்ணே?" அடுப்படியிலிருந்து சீனிச்சாமி கேட்டான்.

"எங்க கருக? அடிச்ச வேகத்துல துளிர் விட்டுருச்சு."

"சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீக?"

"தலையிலயே பானைய வச்சு உலை ஏத்திட்டேன். தீக்குள்ள நடந்து உச்சிக்குப் போறதுக்குள்ள வெந்துருச்சு."

"கஞ்சிய வடிச்சது யாரு?"

"கரடி. தீக்குப் பயந்து பின்னாலயே வந்துச்சு. சும்மா வராத, மூடியப் பிடின்னேன். பிடிச்சுச்சு."

"உப்பு?"

"கரடிக்கு அளவு தெரியாதுப்பா. நான்தான் போட்டேன்."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயராணி சிரிக்கவில்லை. அவன் காலையே பார்த்தாள்.

"வலது கால ஊனாம நிக்கிறீங்களேண்ணே."

"அதுவா. நேத்து எரியுற கட்டைய மிதிச்சேன் மேடம். கட்டைக்குக் கொப்புளம் வந்துருச்சு. இனி எதையும் நோகடிக்க வேணாம்னு அந்தக் காலக் கொஞ்சம் தூக்கியே வச்சிருக்கேன்."

அவள் ஜீப்பின் பின்கதவைப் பிடித்தாள். சாத்திவிடுவாள் போலிருந்தது. ஒச்சப்பன் இருப்பதிலேயே பெரியதை எடுத்துவிட்டான்.

"நான் அணைக்கக்கூட வேணாம் மேடம். போய் நின்னாப் போதும். என்னைக் கண்டா தீ ஓடிரும். ஒரு தடவ இங்கருந்து ஓடின தீ கேரளாவுக்குப் போயித்தான் மூச்சு வாங்குச்சு. அந்தப் பக்கத்து ஆளுக இன்னும் என்கூடப் பேசுறதில்ல."

"எந்தப் பக்கமா ஓடும்?"

ஒச்சப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவனிடமா கேள்வி.

"மேலதான். மலையில தீ எப்பவும் மேல பாத்துத்தான் ஓடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"நம்ம ஆளுக மேலதாண்ணே நிக்கிறாங்க," என்றாள் ஜெயராணி. "நீங்க வந்து அவங்க மேல விரட்டிவிட வேணாம். இங்கயே இருங்க."

கதவைச் சாத்தினாள். ஜீப் கிளம்பியது.

சீனிச்சாமி கூடையைக் காலால் நகர்த்தினான்.

"பூட்ஸக் கழட்டிட்டு உக்காருங்கண்ணே. வெங்காயம் உங்களக் கண்டு ஓடாது. தைரியமா உரிங்க."