ரெமியின் இடது கை

மதாம் வரென் பிரெஞ்சு தேசத்தில் நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். கணவர் கப்பலில் டாக்டர். ஒரு பயணத்தில் காய்ச்சல் கண்டு கடலோடு போய்விட்டார். அதன்பிறகு துறைமுகத்தைப் பார்த்த மாடி அறையில் உட்கார்ந்து மதாம் எழுதத் தொடங்கினார்.

முதல் நாவலைப் படமில்லாமல் போட்டார்கள். அது யாருக்கும் தெரியாமல் பிறந்து யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது நாவலில் பக்கத்துக்குப் பக்கம் படம். ஊரே வாங்கியது. ஜனங்கள் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள். படம் பிடித்துவிட்டால் கதையையும் மன்னித்துவிடுவார்கள்.

அந்தப் படங்களைச் செய்தவர் பாசில். மரக்கட்டையில் உளியால் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுக்கும் காலம் அது. பாசில் மதாமைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் மதாம்தான் அவருக்குக் குரு.

அது இப்படி வந்தது. அவர் முதன்முதலாகச் செதுக்கிக் கொண்டுவந்த படத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மதாம் அதைப் பார்த்துவிட்டு, "இவள் அழவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது" என்றார். பாசில் அன்றைக்கே அந்தக் கட்டையை அடுப்பில் போட்டார். அதிலிருந்து மதாம் சொல்வதுதான் அவருக்கு வேதம். வயதில் சின்னவரிடம் பாடம் கேட்பதா என்று ஊரில் சிரித்தார்கள். மகனிடம் உபதேசம் கேட்ட அப்பனைக் கும்பிடுகிற நமக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

போர் முடிந்த மறு வருஷம் மதாம் ஒரு சிப்பாயைப் பற்றி எழுதினார். அவன் பேர் ரெமி. போரில் வலது கையை இழந்து வீடு திரும்புகிறான். இடது கையால் எழுதப் பழகுகிறான். தான் விரும்பிய பெண்ணுக்குக் கோணல்மாணலாக ஒரு கடிதம் எழுதுகிறான். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பதிப்பாளர் ஃபெரோல் மூக்கைச் சிந்தினார். அவர் லேசில் அழுகிற ஆள் இல்லை.

அதே ஃபெரோல் ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் பாசில் செதுக்கிய படம்.

"பாருங்கள் மதாம். இவனுக்கு எந்தக் கை இல்லை?"

மதாம் பார்த்தார். படத்தில் ரெமிக்கு வலது கை பத்திரமாக இருந்தது. இல்லாதது இடது கை.

கட்டையில் எதையும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் சரியாக விழும். அதை மறப்பது, புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு. தலை நரைத்த பாசில் செய்கிற தப்பு அல்ல.

"ஆளுக்கு வயதாகிவிட்டது" என்றார் ஃபெரோல். "பாரிசில் நல்ல ஆள் ஒருவன் இருக்கிறான். இந்தப் படத்தை அவன் புதிதாகச் செய்யட்டும். இனி எல்லாப் படத்தையுமே அவன் செய்யட்டும். பாசில் போதும்."

"படம் இங்கே இருக்கட்டும். நாளைக்குச் சொல்கிறேன்."

"சொல்வதற்கு என்ன இருக்கிறது? வலது கையோடு உட்கார்ந்திருக்கிறவன் எதற்காக இடது கையால் எழுதுகிறான் என்று கேட்க மாட்டார்களா?"

"நாளைக்குச் சொல்கிறேன், முசியே ஃபெரோல்."

மறுநாள் காலையில் பாசில் வந்தார். ஃபெரோல் அவரிடமும் போய்க் கத்தியிருக்க வேண்டும். உளிகளை ஒரு துணியில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். மூட்டையை மேஜைமேல் வைத்தார்.

"கை மறந்துவிட்டது மதாம். இனி எனக்கு இவை எதற்கு? பாரிஸ்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். நல்ல எஃகு."

"உட்காருங்கள்."

பாசில் உட்காரவில்லை.

மதாம் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யார்?"

"ரெமி. உங்கள் ரெமி."

"ரெமியை எனக்குத் தெரியாதா? முகம் அவனுடையதுதான். ஆனால் அவன் சட்டைக் கை காற்றில் தொங்கி ஆடும் என்று எழுதியிருக்கிறேன். இவனுக்கு மடித்துத் தைத்திருக்கிறது. பெரிய பெரிய தையல். ஊசி பிடிக்கத் தெரியாத யாரோ தைத்தது."

பாசில் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"யார் தைத்தது, பாசில்?"

"நான்தான்" என்றார் பாசில். பிறகு உட்கார்ந்தார்.

பாசிலுக்கு ஒரே மகன், லூசியேன். தாயில்லாமல் வளர்ந்தவன். அவனும் அதே தொழில்தான். என்னைவிட நன்றாகச் செதுக்குவான் என்று அப்பாவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுண்டு. போருக்குப் போனவன் ஏதோ தூரத்துக் கோட்டையில் காவலுக்கு இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவன் வீடு திரும்பி மாதங்கள் ஆகியிருந்தன. வாசலைத் தாண்டவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காருவான், பேசமாட்டான். தினம் தினம் பாசில் கண்ணெதிரே இருந்தது மடித்துத் தைத்த அந்த இடது பக்கத்து வெற்றுச் சட்டைக் கைதான். பாவம், மனிதர் எந்தக் கையைத்தான் செதுக்குவார்!

"அவனுக்கு வலது கை இருக்கிறதே" என்றார் மதாம். "செதுக்குகிறானா?"

"இல்லை."

"யாருக்காவது எழுதுகிறானா?"

"எழுதக் கை இருக்கிறது மதாம். எழுதுவதில்லை. பேனாவை எடுத்து முன்னால் வைத்துக்கொள்கிறான். பிறகு அப்படியே எழுந்து போய்விடுகிறான்."

துறைமுகத்தில் யாரோ பீப்பாய் உருட்டும் சத்தம் கேட்டது. மதாம் எழுந்து, கட்டிவைத்திருந்த தாள்களைப் பிரித்து, ரெமி கடிதம் எழுதும் அத்தியாயத்தைத் தனியே உருவினார். நின்றபடியே அரைப் பக்கம் படித்தார். அவருக்குப் பிடித்த அத்தியாயம் அது. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. அவருக்குக் கண் கலங்கியது. குளிர்காயும் கணப்பின் கதவைத் திறந்து தாள்களை நெருப்பில் போட்டார்.

பாசில் பதறி எழுந்தார். "ஐயோ, என்ன செய்கிறீர்கள்! நான் செய்த ஒரு தப்புக்காகவா?"

"தப்பு என்னுடையது. ஒரு மாதம் இடது கையால் எழுதிப் பார்த்தேன். இதுதான் கஷ்டம், இதைத் தாண்டிவிட்டால் அவன் பிழைத்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். எழுதுகிற கை இருந்தும் ஒருவன் எழுதாமல் எழுந்து போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படம் இப்படியே இருக்கட்டும். கதையை மாற்றுகிறேன்."

"ஃபெரோல் ஒப்புக்கொள்ள மாட்டார்."

"கத்துவார். பிறகு அச்சுக்கு அனுப்புவார். உங்களையும் கூப்பிட்டு அனுப்புவார். வேறு படக்காரர் வந்தால் நான் வேறு பதிப்பாளரைப் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும்."

பாசிலின் முகத்தில் நிம்மதி வரவில்லை. கணப்பில் தாள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மதாம், உங்கள் ரெமியின் கதையை நீங்கள் மாற்றிவிடலாம். என் வீட்டில் இருக்கிறவனை நான் என்ன செய்வது?"

மதாம் அவரைப் பார்த்தார்.

"எல்லோரும் உங்களைப் போலத்தான் கேட்பார்கள்" என்றார் பாசில். "வலது கை இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள். எங்கள் தொழிலில் வலது கை உளியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும் மதாம். மணல் அடைத்த தோல் மெத்தைமேல் கட்டையைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பது இடது கை. அது இல்லாவிட்டால் ஒரு வளைவுகூட வராது. வந்த புதிதில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தான். கட்டை ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது. அன்றைக்கு எழுந்தவன்தான். அவனுக்குக் கட்டையைத் திருப்பிக் கொடுக்க இனி ஏது கை? நீங்களே சொல்லுங்கள்."

மதாம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு புதுத் தாளை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டார். நொண்டியைப் பற்றி எழுதுவதானால் நொண்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறவர் அவர். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பேனாவை மையில் தோய்த்து எழுதத் தொடங்கினார்.

வழவழப்பான மேஜை. முதல் வரி பாதி போவதற்குள் தாள் நழுவியது. மை கோடாக இழுத்தது. மதாம் தாளை மணிக்கட்டால் தள்ளிச் சரிசெய்துகொண்டு மறுபடி எழுதினார். மறுபடி நழுவியது. பிரெஞ்சு தேசமே காசு கொடுத்துப் படிக்கும் எழுத்து, கோழி கிளறியது போல ஆயிற்று. அவர் விடவில்லை. நெற்றி சுருங்க, உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது வரிக்குப் போனார். தாள் மேஜை ஓரத்துக்கு வந்து தலை தொங்கியது.

பாசிலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டென்று வந்து தாளைப் பிடித்து இழுத்து, அதன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

வரி நேராக ஓடியது. வரி முடிந்ததும் பாசில் தாளைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கொடுத்தார். அடுத்த வரி ஓடியது. மதாம் எதுவும் கேட்கவில்லை. பேனா எங்கே போகப்போகிறது என்று பார்த்து, அதற்கு முன்னாலேயே பாசில் தாளை நகர்த்தினார். பக்கம் நிறைந்தது.

மதாம் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"இப்போது சொல்லுங்கள் பாசில். என்னுடைய இடது கை எங்கே இருக்கிறது?"

பாசில் தாளின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார். அதை எடுக்காமல் அப்படியே நின்றார்.