பேஸ் குறையும் இடம்

"மாஸ்டர், ஆல்பம் முடிஞ்சிருச்சு. ஆனா அதுல உயிர் இல்ல," என்றான் தினகரன்.

மற்றவர்கள் குருவைத் தேடி மலை ஏறுவார்கள். தினகரன் பெரம்பூரில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடிப்படி ஏறி வந்திருந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. குரு ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு. அந்தப் பக்கம் ராப் பாடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் பாட்டை வெளியே விடுவார்கள். காது இருக்கிற இடத்தில் வயதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

"எந்தப் பாட்டுலண்ணா உயிர் இல்ல?"

"பதினொண்ணுலயும்."

"யாரு எழுதுனது?"

"நான்."

"பீட்டு?"

"நான்தான்."

"கூடப் பாடுனது?"

"யாரும் இல்ல. எல்லாமே நான் ஒருத்தன்தான். வெளிச்சத்தம் விழாம இருக்க பீரோவுக்குள்ள தலைய விட்டு ரெக்கார்ட் பண்ணேன்."

அதில் பாதி பெருமை, பாதி புகார். ஆல்பத்துக்கு 'ஒத்த ஆளு' என்று பெயர் வைத்திருந்தான்.

"இது மட்டும் சரியா வரலன்னா, ரெண்டு வருஷமா நான் புடிச்ச வீம்புக்கு அர்த்தமே இல்ல மாஸ்டர்."

ஜெனிட்டா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதினொன்றையும் கேட்டாள். கீழேயிருந்து வந்த டீ ஆறிப்போனது. தினகரன் நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"அண்ணா, மொதப் பாட்டுல ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் அந்த 'தும் தும்'னு அதிருற பேஸ் குறையுது. ஏன்?"

"கேக்குறவன் கொஞ்சம் மூச்சு விடட்டும்னு."

"ரெண்டாவது பாட்டுலயும் குறையுது."

"அதுவும் அதுக்குத்தான்."

"பதினொண்ணுலயும் குறையுது. குறைஞ்சு, எட்டு வரி பாடுற அளவுக்கு வெறும் பீட்டு ஓடுது. அங்க யாரும் பாடல."

தினகரன் திரையைப் பார்த்தான். எல்லாம் அவன் கையால் செய்ததுதான். ஆனால் இப்போதுதான் பார்க்கிறான்.

"பழக்கம்," என்றான்.

"என்ன பழக்கம்?"

"சபீர் குரல் மெலிசு. பேஸ குறைச்சாத்தான் அவன் பாடுறது கேக்கும்."

சொல்லிவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

சபீர் அவனோடு பத்து வருடம் சேர்ந்து பாடியவன். ஒரே பைக்கில் போய், ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். இப்போது இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"ஏன் போனாரு?"

"கடைசியா சேந்து பண்ண பாட்டுல, அவன் பாடுனதுல எட்டு வரிய வெட்டிட்டேன். பாட்டு நீளமா இருந்துச்சு. அவன்கிட்ட சொல்லல. ரிலீஸ் ஆனப்புறம் ஊரோட சேந்துதான் அவனும் கேட்டான்."

"சண்ட போட்டாரா?"

"போட்டிருந்தா பரவால்லயே. ஒண்ணும் சொல்லல. அன்னைக்குப் போனவன்தான்."

சண்டை போட்டுப் போனவன் எப்படியும் திரும்பி வருவான். பேசாமல் போனவன்தான் ஆளை வாட்டுகிறான். தினகரனுக்கு சபீரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இன்றைக்கு இல்லை, இரண்டு வருடமாகவே அப்படித்தான் இருந்தது.

"அந்த எடத்த எல்லாம் வெட்டிடுங்க மாஸ்டர்."

ஜெனிட்டா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒரு ஆளு வந்து நிக்கிறதுக்குன்னு எடம் விட்டு வெச்சிருக்கீங்க. அத நான் எப்படி வெட்டுறது? நீங்களே வெட்டுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

சுருக்கென்றது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

தினகரன் உட்கார்ந்தான். முதல் பாட்டில் அந்த இடத்தைத் தேடி ஓடவிட்டான். பேஸ் குறைந்தது. பீட்டு ஓடியது. யாரும் வரவில்லை.

இன்னொரு முறை ஓடவிட்டான். விரல் வெட்டவில்லை.

மூன்றாவது முறை ஓடவிட்டபோது போனை எடுத்து சபீரின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். வெகு நேரம் மணி அடித்தது.

"என்ன?" என்றது மெலிந்த குரல்.

"சபீரு... நான் வெட்டுன அந்த எட்டு வரிய எங்கயாவது எழுதி வெச்சிருக்கியா?"

"இல்ல. நீதானே வெட்டுன. உங்கிட்டதான் இருக்கும்."

"ஃபைல்ல இல்ல. அழிச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்குப் போன் பண்ற?"

தினகரன் பீட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். பேஸ் குறையும்வரை காத்திருந்தான். குறைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, சபீரின் எட்டு வரிகளையும் சபீர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, சபீர் இழுக்கிற இடத்தில் இழுத்துப் பாடினான். கடைசி இரண்டு வரிகளில் குரல் உடைந்தது. அப்படியே பாடி முடித்தான்.

வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தான். வைக்கவில்லை.

"ஆறாவது வரி தப்பு," என்றான் சபீர். "மொதல்லேந்து பாடு."