ஒட்டிக்கொண்ட துணி

"கத்தியைக் கீழே வை" என்றாள் உமையாள், வாசலில் நின்றபடியே.

சேந்தன் வைக்கவில்லை. உமையாளிடம் வைத்தியம் கற்றுக்கொள்பவன் அவன். வயதில் அவளுக்குக் கொஞ்சம் மூத்தவன். எதிரே அவன் மனைவி செங்கமலம் இடது கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நெல் அவிக்கும்போது கொப்பரை சாய்ந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோன கை. அதைச் சுற்றி மஞ்சள் தோய்த்த துணி விறைத்துக் காய்ந்திருந்தது.

"புண்ணு அழுகுதும்மா. தினமும் கட்டை அவிழ்க்கிறேன், துடைக்கிறேன், வெயில்ல காட்டுறேன். மறுநாள் பார்த்தா திரும்ப ஈரம். சுரண்டி எடுக்கலைன்னா கையே போயிடும்."

"யாரு சொன்னா?"

"ஈரம் இருந்தா புண்ணு ஆறாதுன்னு ஊருக்கே தெரியுமே."

ஊருக்குத் தெரிந்ததுதான் அவனுக்கும் தெரிந்திருந்தது. அரைகுறை வைத்தியனுக்குக் கத்தி எதற்கு என்று எனக்கே கோபம் வருகிறது.

உமையாள் கத்தியைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள். செங்கமலத்தின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. விரல்களை மடக்கச் சொன்னாள். மெதுவாக மடங்கின. குனிந்து துணியை மோந்து பார்த்தாள். கெட்ட வாடையும் இல்லை.

"வலிக்குதா?"

செங்கமலம் முதலில் கணவனைப் பார்த்தாள். "இல்லைங்கம்மா."

உமையாள் அந்தப் பார்வையைக் கவனித்தாள். "காய்ச்சி ஆறவச்ச தண்ணி கொண்டா" என்றாள் சேந்தனிடம்.

"தண்ணியா! புண்ணுல தண்ணி படலாமா?"

"கொண்டா."

துணியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். சேந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இப்படி விட்டா பொழுது போயிடும். நான் ஒரே இழுப்புல எடுத்துடுவேன்."

அவன் கையை நீட்டியதுமே செங்கமலம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உமையாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தொட்டே, அப்புறம் என் வீட்டுப் படி ஏறாதே."

துணி ஊறி, தானே கழன்று வந்தது.

"நேத்து அவிழ்த்த துணி எங்கே?"

"அந்த மூலையில. எரிக்கணும்."

உமையாள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துணியில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"காஞ்ச சீழ்."

"தொட்டுப் பாரு."

தொட்டான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"தோலா?"

"புதுத் தோல். அந்த ஈரத்துலதான் அது வளருது. நீ காயவச்சுத் துணியோட ஒட்டவிட்டே. ஒட்டினதும் உரிச்சு எடுத்தே. தினமும்."

சேந்தன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவனுக்கு. கை போய்விடக் கூடாதே என்றுதான் இத்தனையும் செய்தான்.

"கை போயிடுமாம்மா?"

"இனிமே உரிக்காம இருந்தா போகாது."

தேனும் நெய்யும் குழைத்துப் பூசினாள். குருத்து வாழையிலையை அனலில் வாட்டி, ஆறவைத்து, புண்ணின் மேல் போர்த்தினாள். அதன் மேல் மெல்லிய துணியைத் தளர்வாகச் சுற்றினாள்.

"இலை ஒட்டாது. நான் வர்ற வரைக்கும் அவிழ்க்காதே."

அவள் செருப்பை மாட்டுவதற்குள் சேந்தன் எழுந்து ஓடிவந்தான்.

"அம்மா, நிஜமாவே சீழ் வச்சுட்டா? உள்ளே கொதிச்சுக்கிட்டு இருந்தா? இப்படி மூடி வச்சுட்டுப் போனா நான் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது?"

உமையாள் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"கைக்குத்தான் கட்டுப் போட்டிருக்கேன் சேந்தா. அவ முகத்தை நான் மூடலையே."