காணிக்கைத் திருநாளில் தேன்மெழுகு ஏற்றுவது ஏன்?

அந்தக் காலத்தில், தேனீயின் பேச்சு மனிதருக்கும் மனிதரின் பேச்சு தேனீக்கும் புரிந்திருந்தபோது, முத்தலைத்துறை என்றொரு மீனவர் ஊர் இருந்தது. ஊரை ஒட்டிக் கடலுக்குள் நீண்ட பாறைக்குன்று. அதன் மேல் ஓலைக் கூரையோடு ஒரு சிறு கோவில். அங்கே எரிந்ததெல்லாம் தேங்காயெண்ணெய் விளக்குதான். மெழுகுதிரி என்ற ஒன்றை அந்த ஊர் அறியாது.

கிறிஸ்து பிறப்புக்கு நாற்பதாம் நாள் காணிக்கைத் திருநாள். மாதா தன் பிள்ளையைக் கோவிலுக்கு எடுத்துப்போய்க் கடவுளுக்கென்று கொடுத்த நாள். அன்று ஊராரும் தங்கள் உழைப்பில் கிடைத்ததைக் கோவிலில் வைப்பார்கள். அதற்கு மீன் பிடித்துவரக் கயித்தானும் கூட்டாளிகளும் விடியலில் கட்டுமரங்களைத் தள்ளிப் போயிருந்தார்கள்.

உச்சி சாய்ந்ததும் காலம் தப்பிய காற்று ஒன்று எழுந்தது. மழையில் கடலும் கரையும் ஒன்றாயின. பொழுது இறங்குமுன்னே இருட்டிவிட்டது. குன்றைச் சுற்றி நீருக்கடியில் பாறைகள். மேலே வெளிச்சம் தெரிந்தால் மேற்கே ஒதுங்கி மணலில் ஏறலாம். தெரியாவிட்டால் மோதிச் சாகவேண்டியதுதான்.

கயித்தானின் மனைவி பிரகாசி விளக்குகளை ஏற்ற ஏற்ற, காற்று எண்ணெயைச் சிதறடித்து அணைத்தது.

“எண்ணெய் தீந்துபோச்சு, பிரகாசி. இனி செபமாலைதான்” என்றார் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சந்தியாகு.

“செபமாலையை நீங்க சொல்லுங்க உபதேசியாரே. வெளிச்சத்துக்கு நான் வழி பாக்கேன்.”

தேன் பிழிந்த அடையை ஒருமுறை அடுப்பில் போட்டபோது அது நின்று எரிந்ததை அவள் கண்டிருந்தாள். கோவிலுக்குக் கீழே பாறைப் பொந்தில் அடுக்கடுக்காய்த் தேனடைகள் இருந்தன. அங்கே போய் நின்றாள்.

“புகையில்லாம வந்திருக்கே?” என்றது ராணித் தேனீ.

“கேட்டு வாங்க வந்தேன். உங்க மெழுகு வேணும். எங்க ஆளுக கடல்ல நிக்காங்க.”

“நீ மெழுகுன்னு சொல்லுறது எங்க வீடு. எங்க பிள்ளைக அதுக்குள்ளதான் கிடக்கு. வழக்கமா எல்லாரும் பிடுங்கிட்டுத்தானே போவாங்க? நீ ஏன் கேக்கே?”

“இன்னைக்குக் காணிக்கைத் திருநாள். பிடுங்கினது எதையும் இன்னைக்குக் கோவில்ல வைக்கக்கூடாது.”

அது என்ன நாள் என்று ராணி கேட்டது. பிரகாசி அவசரத்திலும் நிதானமாகச் சொன்னாள்: “மாதா ஏழை. ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாம ரெண்டு புறாக்குஞ்சோட கோவிலுக்குப் போனா. அங்க ஒரு பெரியவர் பிள்ளையைக் கையில வாங்கி, ‘இது உலகத்துக்கே வெளிச்சம்’னார். அவளைப் பாத்து, ‘உன் நெஞ்சிலயும் வாள் பாயும்’னார்.”

“பிள்ளை திரும்பக் கிடைச்சுதா?”

“அன்னைக்குக் கிடைச்சுது. ஆனா கொடுத்தது கொடுத்ததுதான்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கிட்டு வீட்டுக்குப் போனா.”

பொந்துக்குள் இரைச்சல் எழுந்து அடங்கியது. “இதை நாங்க கொடுத்தா எங்களுக்கு ஏது இடம்?” என்றது ராணி.

“கோவில் சுவர்ல, கூரைக்கு அடியில நல்ல பொந்து இருக்கு. தேனை உங்களுக்கே வடிச்சு வைக்கேன். உங்களைக் கலைக்க எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்.”

ராணி யோசித்தது. “பிள்ளைக இருக்கிற அடையைப் பாத்து எடுத்து அந்தப் பொந்துல வை. மத்ததெல்லாம் உனக்கு.”

பிரகாசி கையை உள்ளே விட்டாள். ஒரு தேனீகூடக் கொட்டவில்லை. குஞ்சுகள் இருந்த அடையை மடியில் ஏந்திக் கோவில் சுவரில் வைத்தாள். தேனீக்கள் மழையைக் கிழித்துக்கொண்டு அவள் பின்னால் பறந்தன. தேனை வடித்துவிட்டு மற்ற அடைகளை உபதேசியாரின் அடுப்பில் உருக்கினாள். சேலை ஓரத்தைக் கிழித்துத் திரியாக முறுக்கினாள். பானையில் மெழுகு இறுகியதும் குன்றின் நுனியில் வைத்து ஏற்றினாள். ஊர்ப் பெண்கள் மழைக்கு மேலே ஓலை பிடித்து, காற்றுக்கு முதுகு கொடுத்துச் சுவராக நின்றார்கள். சுடர் சாய்ந்தது, நடுங்கியது, நின்றது.

வெகுநேரம் கழித்து மேற்கே மணல் பக்கமிருந்து ஒரு கூவல் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒரு கட்டுமரம் உடைந்திருந்தது. ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

கயித்தான் குன்றேறி வந்து வெறுங்கையை விரித்தான். “காணிக்கைக்கு ஒரு மீன்கூட மிஞ்சல, பிரகாசி.”

“காணிக்கை அந்தா எரியுது, பாரு” என்றாள் அவள்.

காலையில் வழியெங்கும் மழையில் விழுந்து செத்த தேனீக்கள் கிடந்தன. பிரகாசி அவற்றைப் பொறுக்கிக் கோவில் வாசலில் குழி தோண்டிப் புதைத்தாள். ஊரே கூட நின்றது. சுவருக்குள் புதுக்குஞ்சுகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தை மாதம் தொட்டுத்தான் முத்தலைத்துறையார் காணிக்கைத் திருநாளில் தேன்மெழுகுத் திரிகளைக் கோவிலில் செபம் சொல்லி மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கடல் கறுத்தால் முதலில் அதைத்தான் ஏற்றுகிறார்கள். கோவில் சுவரில் தேனீ கூடு கட்டினால் குடிவந்தவர்களைப் போல வரவேற்கிறார்கள்.