முதுகில் வாங்கிய வடு

"ஆசானே, துண்டைப் போர்த்திக்கிட்டே வாள் சண்டை போட விடுவாங்களா?"

கேட்டவன் நல்லகுட்டி. பாளையத்துக் காவல்படையில் நாற்பது வயசு ஆள். ஆசான் உடையாச்சிக்கு அவனைவிடப் பத்து வயசு குறைச்சல். ஆனால் வாள் பிடிப்பதில் அந்தச் சீமையிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"அதெப்படி விடுவாங்க? மேலுடம்பைக் காட்டி ஒரு சுற்று வரணும். ஒவ்வொரு வடுவும் எங்கே பட்டது, எதனால பட்டதுன்னு சொல்லணும். அப்புறம்தான் வாள். இது தெரிஞ்சுதான வே உம்ம படையாளு சங்கிலிமாடனைச் சண்டைக்குக் கூப்பிட்டீரு?"

"சந்தையில நாலு பேர் முன்னால சொல்லிட்டான் ஆசானே. 'துண்டுக்கடியில முதுகு வடுவை மறைக்கான், ஓடிப்போன பய'ன்னு. பொறுக்க முடியல."

"வடு இருக்கா?"

"இருக்கு."

"ஓடினீரா?"

"நானா!" அவன் கண் சிவந்துவிட்டது. "சண்டையில மயங்கிக் கிடந்த ஒருத்தன் மேல கவிழ்ந்து படுத்தேன். அதுல பட்டது."

"யாரு அவன்?"

"சொல்ல மாட்டேன். காப்பாத்தினதைச் சொல்லிக் காட்டுறதும் பிச்சை எடுக்கிறதும் ஒண்ணு."

அப்படி ஒரு வைராக்கியம் அவனுக்கு!

ஆசான் எழுந்தாள். அவன் துண்டை வெடுக்கென்று உருவித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வாரும்."

களத்தில் ஊரே கூடியிருந்தது.

சங்கிலிமாடன் முதலில் சுற்றி வந்தான். மார்பில் ஒரே ஒரு வடு.

"ஆனைப்பாறை ஓடைச் சண்டை. ஈட்டி," என்று மீசையை முறுக்கினான்.

சனம் ஓவென்று கத்தியது.

அடுத்து நல்லகுட்டி. நிமிர்ந்து நடந்து வந்தான், முதுகைக் காட்டினான். தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வடு.

"தூ!" என்று எவனோ துப்பினான்.

நல்லகுட்டி தலை குனியவில்லை.

"எங்கே பட்டது?" என்றார் நடுவர்.

"ஆனைப்பாறை ஓடைச் சண்டை. ஈட்டி."

சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பினான். முதுகில் இறங்கிய ஈட்டி முனை மார்பு வழியாக வெளியே வந்திருந்தது. அங்கேயும் தழும்பு.

சங்கிலிமாடனின் கை தானாகத் தன் மார்பைத் தடவியது.

"அடப்பாவி... உன்னைத் துளைச்ச ஈட்டிதான் எனக்கும் பட்டுதா? அன்னைக்கு என் மேல கிடந்தது பொணம்னுல்லா நினைச்சு உருட்டித் தள்ளினேன்!"

உடையாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

நல்லகுட்டி வாளை உருவினான்.

"வாளை எடு."

சங்கிலிமாடன் அசையவில்லை.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எடுப்பேன்?"