ஆய்வாளருக்கு ஒரு நாற்காலி

வருவாய் ஆய்வாளர் ஏகாம்பரம் யாரையும் நம்ப மாட்டார். பால்காரர் அளந்து ஊற்றிய பாலை உள்ளே கொண்டுபோய் மறுபடி அளப்பார். கோயிலில் தீபாராதனையின்போது எல்லோரும் சாமியைப் பார்க்க, இவர் வாசலில் விட்ட செருப்பைத் திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தார் என்றால், குருவையும் சந்தேகப்பட்டுத்தான் சேர்ந்தார்.

குரு ஒரு பெண். அவரைவிட வயதில் சின்னவர். மேலேரி ஊரைத் தாண்டி, புளியந்தோப்பு ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருந்தார். காவி கிடையாது, உண்டியல் கிடையாது. ஊரார் அம்மை என்றார்கள். உண்டியல் வைக்காத சாமியாரும் உண்டா என்று வேவு பார்க்க வந்த ஏகாம்பரம், ஒன்றும் அகப்படாத கடுப்பில் மறுபடி மறுபடி வந்து, கடைசியில் சிஷ்யராகிப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஆஜர்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது நாற்காலியைக் காணோம். முழங்கால் வலிக்காரர் அவர். அம்மையின் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அது. அம்மை பாயில்தான் உட்காருவார்.

"நாற்காலி எங்கேம்மா?"

"வெளியே போயிருக்கு."

"நாற்காலியா?"

"ஆமா. வந்துடும். பாயில உக்காருங்க."

முனகிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். யார் தூக்கிக்கொண்டு போனார்களோ, திரும்பி வருமோ வராதோ என்று அவர் மனசு அதற்குள் நாலு பேரைச் சந்தேகப்பட்டு முடித்துவிட்டது.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ஏழைன்னு பொய் சொல்றவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யாரு அப்படிச் சொன்னது?"

"ஏரிக்கரைத் தெரு பவுனம்மா. ஆதரவற்ற விதவைன்னு அரசாங்க உதவித்தொகை வாங்குது. அதுக்கு ஆதரவு இருக்கு, மகன் இருக்கான்னு டீக்கடையில ஒருத்தர் சொன்னார். நேத்து நேர்லயே போய்ப் பார்த்துட்டேன். நாளைக்கு அறிக்கை எழுதணும். எழுதினா அந்தக் காசு நின்னுடும்."

"நின்னா அவங்களுக்கு என்ன ஆகும்?"

"ஏழையா இருந்தாத்தானே ஏதாவது ஆகும்?"

அம்மை விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். ஏகாம்பரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. பொய்க்காரி ஒருத்தி வாங்கினா, நிஜமா இல்லாதவ ஒருத்தி வாசல்ல நிக்கிறா. அவளைக் காப்பாத்தத்தான் இவளைப் பிடிக்கிறேன்."

"சரிதான். நேத்து என்ன பார்த்தீங்க?"

இதைக் கேட்க மாட்டாரா என்றுதான் ஏகாம்பரம் காத்திருந்தார். ஆய்வுக்குப் போகும்முன் தலையாரியை விட்டுச் சொல்லி அனுப்புவது அவர் வழக்கம். ஆள் இல்லாத வீட்டைத் தேடிக்கொண்டு வெயிலில் யார் அலைவது? பவுனம்மா வீட்டுக்கும் முதல் நாளே, "நாளைக்கு சார் வர்றார், வீட்டுல இரு" என்று தகவல் போயிருந்தது.

"பதினோரு மணிக்குப் போறேன். வாசல் தெளிச்சிருக்கு. எனக்குன்னு நாற்காலி போட்டிருக்கு. டேபிள் ஃபேன் சுத்துது. அந்தம்மா கட்டியிருக்கிற புடவை புதுசு, மடிப்புகூடக் கலையலை. நான் உக்கார்ந்து மூச்சு விடறதுக்குள்ள எவர்சில்வர் டம்ளர்ல காப்பி, தட்டுல பிஸ்கட். அம்மா, என் வீட்டுலயே எனக்கு இந்த மரியாதை கிடையாது."

அம்மை சிரித்துவிட்டார். "காப்பி குடிச்சீங்களா?"

"நானா? ஆய்வுக்குப் போற வீட்டுல பச்சத்தண்ணி தொட மாட்டேன். கையால பிடிக்க முடியாத சூடு, ஆவி பறக்குது. அப்படியே கீழே வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுப்பு. மத்த அதிகாரிங்க வாய்ப்பேச்சைக் கேட்டு ஏமாறுவாங்க. நான் அடுப்பைப் போய்ப் பார்ப்பேன். ஒரே ஒரு மண் அடுப்பு. சாணி மெழுகி, கோலம் போட்டு, ஒரு இழைகூடக் கலையாம அவ்வளவு லட்சணம். கேஸ் அடுப்பை ஒளிச்சு வெச்சிருக்காளோன்னு கொல்லைப்புறம் வரைக்கும் போய்த் தேடினேன். இல்லை. சுத்தக்காரிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஏழை இல்லை."

"மகன்?"

"திருப்பூர்ல இருக்கான். 'எம் புள்ள எனக்கு ஒரு குறையும் வெக்கலை சார், கேக்காமலே அனுப்புவான்'னு அதுவே பெருமையாச் சொல்லிச்சு. வேற என்ன சாட்சி வேணும்?"

அப்போது வாசலில் நிழல் தட்டியது.

தலையில் கவிழ்த்த நாற்காலியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். சாயம் போன புடவை, முந்தானை ஓரத்தில் தையல். நாற்காலியை இறக்கி நிமிர்ந்தவள் ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பவுனம்மா.

"ஐயோ, சார் இங்கயா இருக்கீங்க!"

ஏகாம்பரம் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார். நீல நாற்காலி. ஒரு கை விரிசல் விட்டு, செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. நேற்று அவர் முழங்கையில் குத்திய கம்பி. போன வெள்ளிக்கிழமையும் இதே கம்பிதான் குத்தியது.

பவுனம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"சார், காப்பியில சக்கரை தூக்கலாயிடுச்சா? ஒரு வாய்கூடக் குடிக்கலையே. சார் மூஞ்சியே சரியில்ல, இனிமே உனக்குக் காசு வராதுன்னு தலையாரி சொல்றாரு. நான் என்ன குறை வெச்சேன்னு எனக்கே புரியல சார். காப்பி ஆகாதுன்னா சொல்லுங்க, அடுத்த தடவை டீ வெக்கிறேன்."

"பார்க்கலாம், போம்மா."

அவள் அம்மையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஏகாம்பரத்தைப் பார்த்து அதைவிடக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் தலை தோப்பு தாண்டி மறைகிறவரை பொறுத்திருந்தார். பிறகு திரும்பினார்.

"நீங்களும் இதுல கூட்டா?"

"நாற்காலி நான்தான் குடுத்தேன்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"நாற்காலி எதுக்கு? உக்காரத்தான்."

"ஃபேனும் உங்களோடதா?"

"எனக்கே விசிறிதான், ஏகாம்பரம்."

"அப்ப டம்ளர் ஒருத்தி, புடவை ஒருத்தி, ஃபேன் ஒருத்தின்னு தெருவே சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கு. இருக்கிறதை ஒளிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். இல்லாததை இரவல் வாங்கிக் காட்டி மாட்டிக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன். இல்லாதவன்னா இல்லாதவளா நிக்க வேண்டியதுதானே? அதைப் பார்க்கத்தானே போனேன்?"

"நீங்க போனது அதைப் பார்க்க. அவங்க வீட்டுக்கு வந்தது விருந்தாளி."

ஏகாம்பரம் கொஞ்சம் அசைந்தார். கொஞ்சம்தான். உடனே நிமிர்ந்துகொண்டார்.

"அம்மா, நீங்க வெள்ளை மனசு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் இங்க இருப்பேன்னு ஊருக்கே தெரியும். சரியா அந்த நேரம் பார்த்து, பழம்புடவையைக் கட்டிக்கிட்டு, நாற்காலியைத் தலையில தூக்கிக்கிட்டு வர்றா. நேத்து நடந்தது நாடகம்னா, இன்னிக்கு நடந்ததும் ஏன் நாடகமா இருக்கக் கூடாது?"

"இருக்கலாம்."

அம்மை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. இதிலும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

"மகன் காசு அனுப்பறான்னு அதுவே சொல்லிச்சே?"

"ஆபீசர்கிட்ட தன் மகனைப் பத்திப் பெத்தவ வேற என்ன சொல்லுவா?"

"அப்ப யார் என்ன சொன்னாலும் நம்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"வேண்டாம். சந்தேகப்படுங்க. பாதியில ஏன் விட்டீங்க?"

"பாதியிலயா? நானா?" இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. "கொல்லைப்புறம் வரைக்கும் போனேன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. காப்பி சூடா இருந்ததா?"

"கொதிச்சுது."

"எங்க வெச்சுக் கொதிச்சுது?"

"எங்க வெப்பாங்க? அடுப்புல."

அம்மை எழுந்தார். "இங்க கொஞ்சம் வாங்க."

ஏகாம்பரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். சமையற்கட்டு என்று சொல்ல ஒரு மூலைதான். அங்கேயும் ஒரு மண் அடுப்பு. வாய் முழுக்கச் சாம்பல். குமிழ்களில் கரி. கஞ்சி பொங்கி வழிந்து காய்ந்த தடம். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மாவு வெள்ளை ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

"நீங்களும் அடுப்புல கோலம் போடுவீங்களா?"

"தினமும். காலையில மெழுகினதும் போடுவேன்."

"கோலத்தையே காணோமே?"

"உலை வெச்சேன், ஏகாம்பரம். போயிடுச்சு."