என் கேழ்வரகு போட்ட போன்

உங்கள் வீட்டுக் கேழ்வரகு என்றைக்காவது உங்களுக்குப் போன் போட்டிருக்கிறதா? என்னுடையது போடும். மாவு மில் வரிசையில் நின்று இதைத்தான் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. ஒரு வாரமாக அடைமழை. பிள்ளைக்கு ஏழு மாசம். கஞ்சி காய்ச்ச வீட்டில் ஒரு கரண்டி மாவுகூட இல்லை. எனக்குப் பின்னால் நின்ற அஞ்சலக்காவோ என் பையை மோந்து பார்த்துவிட்டு, "பூஞ்சை வாடை அடிக்குதுடி வெண்ணிலா. நீ அரைச்சா மெஷின்ல ஒட்டுனது என் மாவுலதான் வந்து விழும். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போ" என்றாள்.

"எங்க வீட்ல பூஞ்சையா?" என்று ஆரம்பித்தேன். "எங்க வீட்டுக்காரரு ஓசூர்லேர்ந்து ஒரு கருவி வாங்கியாந்தாரு, அக்கா. விரல் தண்டி இருக்கும். தானியத்துல குத்தி வெச்சா, ஈரம் ஏறும்போது போனுக்குச் சேதி வந்துரும்."

இதுவரைக்கும் உண்மை. இதோடு நிறுத்தியிருந்தால் நான் வெண்ணிலாவே இல்லை.

"மொத நாளு, 'ஈரம் இருக்கு, காய வை'ன்னுச்சு. வெச்சேன். ரெண்டாம் நாளு, தானிய டிரம்முக்குள்ள இருந்துகிட்டே அடுப்படி ஊறுகா ஜாடிய மோந்துட்டு, 'மூடிய ஒழுங்கா மூடு'ன்னுச்சு."

"மூடினியா?"

"மறந்துட்டேன். உடனே எங்க மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லிருச்சு."

"அவங்ககிட்ட ஏதுடி போனு?"

"அதத்தான் சொல்ல வர்றேன். பக்கத்து வீட்டுக்குப் போட்டு, 'அவங்களக் கொஞ்சம் கூப்பிடுங்க'ன்னுருக்கு."

வரிசையில் சிரிப்பு. சிரிக்கிறவர்கள் துரத்த மாட்டார்கள் என்று ஒரு தைரியம். மில்காரர் தீர்த்தகிரி அண்ணன்கூட மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். போதாதா எனக்கு?

"பூஞ்சை வந்தப்புறம் சொல்றதுக்கு எதுக்குண்ணா கருவி? இது, பூஞ்சை கிளம்பும்போதே சொல்லும். போன வியாழக்கிழமை, 'தருமபுரி பஸ்ஸுல ஒரு பூஞ்சை ஏறிருக்கு, ஜன்னல் சீட்டு, உங்க ஊருக்குத்தான் டிக்கெட்'னு சேதி. பிள்ளைய இடுப்புல தூக்கிகிட்டு ஓடினேன். பச்சைப் பசேல்னு எறங்குச்சு. 'எங்க வீட்ல எடமில்ல'ன்னேன். கேக்கல. வீடு வரைக்கும் வந்துச்சு."

"வந்து?"

"நான் குமிச்சு வெச்சிருக்கற ஈரத்துணி மலையப் பார்த்துச்சு. 'இதுக்குள்ள ஒரு பூஞ்சை குடித்தனம் பண்ண முடியுமா'ன்னு அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். தீர்த்தகிரி அண்ணன் மட்டும் சிரிக்காமல் பையைத் தன் பக்கம் இழுத்தார். இவர் மாட்டேன் என்றால் பிள்ளைக்கு இன்றைக்குக் கஞ்சி இல்லை.

மழைக்காகப் பையின் மேல் நான் மூடியிருந்த துண்டை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டார். ஒரு கை கேழ்வரகை அள்ளி மோந்தார். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தார். நறுக்கென்றது.

"தானியம் சுத்தமாக் காஞ்சிருக்கு. வாடை இந்தத் துண்டுலதான். இதத் துவைச்சு எத்தன நாளாச்சு தாயி?"

துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

மாவு வெதுவெதுப்பாக விழுந்தது. அள்ளிக் கட்டிக்கொண்டு நகர்ந்தேன். அஞ்சலக்கா தன் பையை முன்னால் தள்ளிவிட்டு மில்காரரைப் பார்த்தாள்.

"தம்பி, அவ மாவு ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது. அவ புளுகு என் மாவுல கலந்துராம, மெஷின நல்லா நாலு தட்டு தட்டிட்டு என்னோடதப் போடு."